கருவி மாறினும் கண் மாறலாகாது!

2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில், குமரிக்குத் தெற்கே கருக்கொண்ட ஒக்கிப் புயல், 29, 30 ஆகிய நாள்களில் நாஞ்சில் நாட்டை அலைக்கழித்துவிட்டு இலக்கத்தீவுப் பக்கமாகக் கடந்து சென்றது. வாழையும் இரப்பரும் தென்னையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் மடிந்தன, ஊர்கள் இருளில் ஆழ்ந்தன. கரையில் நேர்ந்த அழிவைக் கண்ணால் எண்ணிவிட முடிந்தது. கடலில் நேர்ந்ததை எண்ணிச் சொல்ல எவரிடமும் கணக்கில்லை. தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலிய ஊர்களின் ஆடவர் பலர், புயல் எழுவதற்குப் பன்னாள் முன்னரே ஆழ்கடல் புகுந்தவர்கள். கிழமைக்கணக்கிற் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வெளியான வேளையில், அதைக் கேட்கும் தொலைவில் அவர்கள் இல்லை.

அந்நாள்களில் நாடு கேட்ட வினா ஒன்றே: "எத்தனை பேர் திரும்பவில்லை?" அரசு ஓர் எண்ணைச் சொன்னது; பின்னர் வேறோர் எண்ணைச் சொன்னது. கடலோர ஊர்கள் சொன்ன எண்ணோ இரண்டனோடும் பொருந்தவில்லை. அவ்வேறுபாடு வெறும் கணக்கு வேறுபாடன்று; விடுபட்ட ஒவ்வோர் எண்ணும் ஒரு தாயின் மகன்; ஒரு வீட்டின் அடுப்பு. அதைத் தாங்கமாட்டாமலே, திசம்பர் 7ஆம் நாள் கடலோர மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து சென்று குழித்துறைத் தொடர்வண்டி நிலையத்தில் தண்டவாளத்தின்மேல் அமர்ந்தனர்.

இங்கே ஆழ்ந்து எண்ணவேண்டியது ஒன்றுண்டு. அப்பொழுது கருவிக்குக் குறைவில்லை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் சூறையாடியபொழுது, செய்தி தேடிச் சென்றவர்கள் இடிந்த பாலத்துக்கும் சேற்றுக்கும் இடையே கால்நடையாகச் சென்றே கண்டறிய வேண்டியிருந்தது. 2017-லோ ஊரெங்கும் திறன்பேசி. வாட்சப் எனப்படும் புலனத்தில் படங்களும் குரற்பதிவுகளும் நொடிதோறும் பாய்ந்தன. ஆயினும், 'எத்தனை பேர்?' என்ற ஒற்றை வினாவுக்கு அக்கருவிகளால் விடை சொல்ல இயலவில்லை.

விடை தேடியவர்கள் யார்? பங்குக் கோயில்களிலும் மீனவர் அமைப்புகளிலும் தாளும் தூவலுமாக அமர்ந்து, எந்தப் படகு, எந்நாள் புறப்பட்டது, உடன் சென்றோர் யார் யார், தந்தை பெயர் யாது என்று கேட்டுக் கேட்டு எழுதியவர்கள். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் பலர் இருப்பர். கேரளத்துப் படகிற் சென்ற குமரி மீனவரும் உளர். இலக்கத்தீவிலும் மராட்டியக் கரையிலும் குசராத்துக் கரையிலும் ஒதுங்கி உயிர்தப்பியோரும் உளர். கரை ஒதுங்கிய உடல்களுள் சில, மரபணு ஆய்வாலன்றி அடையாளம் காண இயலாதன. இத்தனையையும் பிரித்தறிந்து, ஒரு பெயரை இரு முறை எழுதாமலும், ஒரு பெயரையும் விட்டுவிடாமலும் பட்டியல் எடுப்பது கருவியின் வேலையன்று. பயின்ற அறிவின் வேலை. அவ்வறிவுக்குப் பெயரே செய்தித்தொழில்.

எண்ணிமக் கருவிகள் செய்தித்துறையை அடியோடு மாற்றி வருகின்றன. "கையில் பேசி உள்ள ஒவ்வொருவனும் செய்தியாளனே, தனியே ஒரு செய்தியாளன் எதற்கு?" என்பது ஒரு கூற்று. "இனிச் செய்தியைக் கருவியே எழுதிவிடும், மாந்தன் எதற்கு?" என்பது மற்றொரு கூற்று. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். செய்தியைப் பரப்புவதையும் செய்தியின் மெய்யைக் காண்பதையும் ஒன்றெனக் கொண்ட பிழை அது. பரப்பும் ஆற்றல் பன்மடங்கு பெருகியிருக்கின்றது. காணும் ஆற்றலோ அருகி வருகின்றது. பிற இனங்களுக்கு இது தொழிற்சிக்கல். தனக்கென்று ஓர் அரசில்லாத தமிழினத்துக்கோ இது வாழ்வுச் சிக்கல். படையில்லாத இனத்துக்கு, தூதரகம் இல்லாத இனத்துக்கு, மெய்யைத் தவிர வேறு படைக்கலன் ஏது?

ஈயவெழுத்திலிருந்து ஒருங்குறிவரை

நாஞ்சில் நாட்டுக்கு அச்சுத்தொழில் நேற்று வந்ததன்று. 1820ஆம் ஆண்டை ஒட்டி, இலண்டன் அருட்பணியாளர் சார்லசு மீடு நாகர்கோயிலில் அச்சகம் நிறுவினார். அது சமயம் பரப்ப வந்த அச்சுப்பொறியே. எனினும், ஓலைச்சுவடியை எட்டமுடியாதிருந்த எளிய மக்களின் கைக்கு எழுத்தைக் கொண்டு சேர்த்ததும் அதுவே. பின்னாளில் இம்மண் இதழாளர்களைப் பெற்றெடுத்தது. பூதப்பாண்டியிற் பிறந்த ப. சீவானந்தம், மறைமலையடிகளின் தொடர்பால் 'உயிரின்பன்' எனத் தனித்தமிழ்ப் பெயர் பூண்டிருந்த காலமும் உண்டு. 1937-இல் 'சனசக்தி' வழியாக உழைப்பவர் குரலை எழுத்தாக்கியவரும் அவரே. நாகர்கோயில் வடிவீசுவரத்தைச் சேர்ந்த தி. வி. இராமசுப்பையர் 1951 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் 'தினமல'ரைத் தொடங்கினார். அந்நாளிதழின் பிற்காலப் போக்கோடும் அதன் மொழிநடையோடும் தனித்தமிழ் அன்பர்க்கு உடன்பாடு இல்லை. ஆயினும், மலையாள ஆட்சியின் தலைநகரிலேயே, தென்திருவிதாங்கூர்த் தமிழரின் குறைகளைத் தமிழில் அச்சிட்டு வைத்த அப்பணியை வரலாறு மறைக்காது.

அச்சிட்ட செய்திக்கும் எண்ணுக்கும் அந்நாளில் இருந்த வலிமை எத்தகையது? 1954 ஆகசுட்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மார்சல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டத்தின் குரல், பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை எட்டியது. அங்கே முழக்கம் செல்லவில்லை, கணக்கு சென்றது. எந்த வட்டத்தில் எத்தனை விழுக்காட்டினர் தமிழர் என்னும் கணக்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களையும் 1956 நவம்பர் 1-இல் தாய்நிலத்தோடு சேர்த்தது. தமிழர் செறிந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும், 'வந்துபோகும் தோட்டத் தொழிலாளர்' என்னும் வாதத்துக்கு இரையாகிக் கைநழுவின. தன் மக்களைத் தானே எண்ணிக் காட்டமுடியாத இனத்தைப் பிறர் எண்ணுவர், தமக்கேற்றவாறு எண்ணுவர்.

ஈயவெழுத்துக் காலத்தில், ஒரு செய்தி படிப்பவரை அடையுமுன் அதன்மேல் ஐந்து பேரின் கண் பட்டது. களத்துக்குச் சென்ற செய்தியாளர், அதைச் செப்பஞ்செய்த துணையாசிரியர், எழுத்தெழுத்தாகக் கோத்த அச்சுக்கோப்பாளர், படி பார்த்த மெய்ப்புத் திருத்துநர், முடிவு சொன்ன ஆசிரியர் ஆகிய ஐவரும் ஐந்து சல்லடைகள். 'இந்த ஊர் இந்த வட்டத்தில் இல்லையே!' என்று அச்சுக்கோப்பாளரே தடுத்து நிறுத்திய செய்திகள் உண்டு. அச்சுப்படியைச் சரிபார்க்கும் பணிக்குத் தமிழர் இட்ட பெயர் 'மெய்ப்பு'. மெய்யாக்குதல் என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே உறைகின்றது. செய்தித்தொழிலின் உயிர் எங்கிருந்தது என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதிய சான்று.

கருவி மாறியதை எதிர்ப்பது தமிழியக்கத்தின் வழக்கமன்று. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டபொழுது, 'ஞானசாகரம்' என்றிருந்த தம் இதழின் பெயரையே 'அறிவுக்கடல்' என மாற்றினார். கொள்கை முதலிற் புகுந்த இடம் இதழே. அச்சின் தேவையை உணர்ந்து பெரியார் 1935-இல் தம் இதழ்களில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். தமிழ்நாட்டரசு 1978-இல் அதை ஏற்றது. கணினி வந்தபொழுதும் தமிழர் பின்தங்கவில்லை. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக 'தமிழ் 99' விசைப்பலகை பிறந்தது. அதற்குமுன் இதழுக்கொரு குறியீடு, அச்சகத்துக்கோர் எழுத்துரு. ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் குப்பையாகத் தோன்றிற்று. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ்ச் செய்தி, உலகின் எம்மூலையிலும் ஒரே வடிவில் படிக்கத்தக்கதாயிற்று. நாகர்கோயிலில் எழுதிய வரியை அதே நொடியில் கோலாலம்பூரிலும் தொறன்றோவிலும் வாழும் தமிழர் படிக்கின்றனர். இது பேறு, மறுப்பதற்கில்லை.

ஆனால், பேற்றோடு இழப்பும் வந்தது. அச்சுக்கோப்பாளர் போனார், மெய்ப்புத் திருத்துநர் போனார், துணையாசிரியர் மேசை சுருங்கியது. ஐந்து கண்கள் இருந்த இடத்தில் இன்று பல வேளைகளில் ஒரே கண். அக்கண்ணும் செய்தியைப் பாராது, எத்தனை பேர் தொட்டுத் திறந்தனர் என்னும் எண்ணையே பார்க்கின்றது. விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி கூகுள், முகநூல் முதலிய அயல்நாட்டுப் பெருநிறுவனங்களுக்குப் போகின்றது. மாவட்டச் செய்தியாளருக்கோ ஊதியம் குறைவு, வேலை மிகுதி. ஒரே ஆள் எழுதவும், படமெடுக்கவும், காணொளி வெட்டவும், மணிக்கொருமுறை பதிவிடவும் வேண்டியுள்ளது. இந்நிலையில் அவர் நீரோடிக்குச் சென்று ஒரு தாயிடம் ஒரு மணிநேரம் அமர்ந்து கேட்பது எப்பொழுது?

கடல் கற்பிக்கும் பாடம்

குமரிக் கடலோரத்தின் பழைய தலைமுறையினர், கடலுக்கடியில் மறைந்துள்ள பாரை எங்ஙனம் கண்டறிந்தனர்? கரையில் உள்ள ஒரு மலைமுகட்டையும் ஒரு தென்னந்தோப்பையும் ஒரு நேர்கோட்டில் வைப்பர். வேறொரு பக்கத்தில் ஒரு கோயிற் கோபுரத்தையும் ஒரு குன்றையும் மற்றொரு நேர்கோட்டில் வைப்பர். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் வலையோ தூண்டிலோ இறங்கும். ஒரு கோடு மட்டும் போதாது. ஒரே கோட்டை நம்பியவன் வெறுங்கையோடு திரும்புவான்.

செய்தித்தொழிலின் இலக்கணமும் இதுவே. ஒருவர் சொல் ஒரு கோடு. அவரோடு தொடர்பில்லாத மற்றொருவர் சொல்லோ, ஆவணமோ, நேரிற் கண்ட காட்சியோ இரண்டாம் கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியிலேயே செய்தி இருக்கின்றது. புலனத்தில் ஒரே படம் நூறு குழுக்களிலிருந்து வந்தால் நூறு சான்றாகிவிடாது; அது நூறு முறை வரைந்த ஒரே கோடு. இவ்வேறுபாட்டை அறிவதே செய்தியாளனின் தேர்ச்சி.

இன்று படகுகளில் செயற்கைக்கோள் வழியே இடங்காட்டும் கருவி உண்டு. ஒக்கிக்குப் பின், ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறத்தக்க கருவிகள் இந்திய விண்வெளி ஆய்வு அமைப்பின் வழியாக மீனவர்க்குக் கிடைத்தன. அவை உயிர்காக்கும் கருவிகள், வரவேற்கத்தக்கவை. எனினும், இடங்காட்டியை மட்டும் அறிந்து, நீரோட்டத்தையும் காற்றையும் கரையின் முகத்தையும் படிக்கக் கல்லாத இளைஞன், மின்கலம் தீர்ந்த இரவில் குருடனாவான். கருவியையும் கையாண்டு, கடலையும் படிப்பவனே மீகாமன். செய்தித்துறைக்கும் இன்று வேண்டப்படுபவன் அத்தகைய மீகாமனே.

பொய்யின் விரைவும் மெய்யின் சான்றும்

எண்ணிமப் பொய் தமிழரை எவ்வாறு தாக்கும் என்பதை 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் காட்டிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகின்றனர் என்று காணொளிகள் வடநாடெங்கும் பரவின. வேறு இடங்களில் வேறு கரணியங்களால் நிகழ்ந்தவற்றின் காட்சிகள், தமிழர் செய்த கொலைகள் எனப் பெயர் மாற்றி உலவவிடப்பட்டன. எளிய தொழிலாளர்கள் அஞ்சினர்; பலர் ஊர் திரும்பினர்; பீகார் அரசு ஓர் ஆய்வுக்குழுவையே தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. காட்சி காட்சியாகப் பிரித்து, எது எங்கே எடுக்கப்பட்டது என்று காட்டிய பின்னரே அப்பொய் சாய்ந்தது. ஓர் இனத்தையே கொலைகார இனமாக்கிக் காட்டச் சில நாள்கள் போதும். சில காணொளிகள் போதும்.

இதன் மறுபக்கத்தை ஈழம் காட்டிற்று. 1997-இல் தொடங்கிய 'தமிழ்நெட்' இணையத்தளம், களத்திற் பயிற்சி பெற்ற செய்தியாளர்களைக் கொண்டு, நாளும் இடமும் பெயரும் குறித்து எழுதிய செய்திகளால் உலகின் கவனத்தைப் பெற்றது. அதன் ஆசிரியர் தராக்கி சிவராம் 2005 ஏப்பிரல் 28-இல் கொழும்பிற் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். வெற்றுப் புரளிக்கு எவரும் ஓர் இதழாளனைக் கொல்வதில்லை, மெய்க்கே கொல்கின்றனர்.

பின்னர், 2009 ஆகசுட்டு 25-இல் பிரித்தானியச் 'சேனல் 4' தொலைக்காட்சி, கைகளும் கண்களும் கட்டப்பட்ட ஆடையற்ற தமிழர்களைச் சீருடையணிந்தோர் சுட்டுக்கொல்லும் காணொளியை வெளியிட்டது. திறன்பேசியாற் பதிவு செய்யப்பட்டதாகக் கருதப்பட்ட காட்சி அது. சிங்கள அரசு உடனே, 'போலி' என்றது. கண்ணீர் அதற்கு விடையாகவில்லை; முழக்கமும் விடையாகவில்லை. ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிவிப்பாளர் பிலிப் ஆல்சுடன், படைக்கல ஆய்விலும் பிணக்கூறாய்விலும் காணொளி ஆய்விலும் வல்ல மூவரிடம் அதைக் கொடுத்தார். துப்பாக்கியின் பின்னுதைப்பு, உடல் வீழ்ந்த முறை, குருதி படிந்த முறை, காட்சிகளின் தொடர்ச்சி என ஒவ்வொன்றாக ஆய்ந்து, அது மெய்யானதாகவே தோன்றுகின்றது என அவர்கள் கண்டதை 2010 சனவரியில் ஆல்சுடன் உலகுக்கு அறிவித்தார். தமிழினத்தின் முறையீடு உலகமன்றில் நின்றது, அந்த நுண்ணறிவின் காலால்.

இதிலிருந்து தமிழர் கற்கவேண்டியது யாது? ஆயிரம் மெய்ப்படங்களுக்கிடையே ஒரு பொய்ப்படத்தை ஒரு தமிழன் ஆர்வத்தாற் சேர்த்துவிட்டால், பகைவன் அந்த ஆயிரத்தையும் பாரான். ஒன்றையே உயர்த்திப் பிடிப்பான். 'இவர்கள் காட்டுவன யாவும் இத்தகையனவே' என்பான். பொய்யால் தமிழுக்குத் துணை செய்ய எண்ணுபவன் பகைவனுக்கே படைக்கலன் செய்து கொடுக்கின்றான்.

மெய்க்கு அரசா நடுவர்?

பொய்ச்செய்தி பெருகியதைக் காட்டி, "மெய் எது, பொய் எது என்பதை யாமே சொல்வோம்" என்று அரசுகள் முன்வருகின்றன. இந்திய அரசு 2023 ஏப்பிரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளுள் பொய்யானவற்றைத் தானே அடையாளங்காட்டும் அமைப்புக்கு வழி செய்தது. மும்பை உயர்முறைமன்றம் 2024 செப்டம்பரில் அத்திருத்தம் செல்லாதென்றது. தமிழ்நாட்டரசும் 2023-இல் தனக்கென்று ஓர் உண்மை சரிபார்ப்பகத்தை அமைத்தது. அரசு தன் விளக்கத்தைச் சொல்வது தவறன்று, சொல்லட்டும். ஆனால், வழக்கின் ஒரு பக்கத்தான் நடுவனாக அமர்தல் முறையன்று. ஒக்கியின்போது கருத்து வேறுபாட்டுக்கு உள்ளான எண்ணே அரசின் எண்தானே? அவ்வெண்ணைச் சரிபார்க்கும் உரிமையும் அரசினுடையதே என்றால், கடலிற் போனவனின் பெயரை எழுதுபவர் யார்?

அரசின் கை இன்னும் நீளமானது. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் செம்பு உருக்காலையை எதிர்த்து நடந்த பேரணியின்மேல் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. அந்நிகழ்வுகளில் 13 பேர் மாண்டனர். மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை முடக்க அரசு ஆணையிட்டது. சூடு நடக்காத குமரி மாவட்டத்திலும் பேசிகள் ஊமையாயின. இணையமே செய்தித்தொழில் என்று நம்பியிருந்தவர்க்கு அந்நாள்களில் தொழிலே இல்லை. நேரிற் சென்று கண்டவரும், மறுநாட் காலையில் வந்த அச்சிட்ட தாளுமே மக்களுக்குக் கண்ணாக நின்றன. ஒரே ஆணையால் அணைத்துவிடத்தக்க விளக்கை மட்டும் நம்பி ஓர் இனம் இருட்டிற் செல்லலாகாது.

செய்யறிவும் செந்தமிழும்

2022 நவம்பர் முதல், உரையாடியும் எழுதியும் தரும் செய்யறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்துள்ளன. ஒடியா மொழித் தொலைக்காட்சியொன்று 2023 சூலையில், செய்யறிவால் உருவாக்கிய பெண்ணுருவைச் செய்தி படிக்க வைத்தது. தமிழ்ச் செய்திக்கூடங்களிலும் மொழிபெயர்ப்புக்கும் தலைப்புக்கும் இக்கருவிகள் புகுந்து வருகின்றன.

இக்கருவியின் இயல்பை அறியாமற் கையாளுதல் ஏதம். அது கண்டதைச் சொல்வதில்லை. ஒரு சொல்லுக்கு அடுத்து எச்சொல் வரத்தக்கது என்று கணித்துச் சொல்கின்றது. அதற்கு ஊட்டப்பட்ட எழுத்துகளில் ஆங்கிலம் மலையளவு. தமிழ் அதன் அடிவாரத்துக் கூழாங்கல்லளவு. எனவே, அது தூத்தூரையும் தூத்துக்குடியையும் ஒன்றாக்கிவிடக்கூடும். மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் குழப்பிவிடக்கூடும். பிழையையும் தடுமாற்றமின்றி, செப்பமான நடையிற் சொல்வதே அதன் பெருந்தீங்கு. உள்ளூர் அறிந்த ஓர் அச்சுக்கோப்பாளர் ஒரு நொடியிற் கண்டிருக்கக்கூடிய பிழையை, ஊரறியாத கருவி உலகெங்கும் பரப்பிவிடும்.

மொழிக்கும் தீங்குண்டு. கருவி தரும் தமிழ், ஆங்கில வரியின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்ச்சொல்லைப் போர்த்தியதாக இருக்கின்றது. வினைமுற்று எங்கே வருவது, யார் யாரிடம் சொன்னது என்னும் தெளிவின்றி எழுதப்படும் செய்தியில் மொழி மட்டும் சிதைவதில்லை; பொருளும் சிதைகின்றது. 'தாக்கினான்', 'தாக்கப்பட்டான்' என்னும் இரண்டையும் பிரித்தறியாத நடை, கொன்றவனையும் கொலையுண்டவனையும் இடம் மாற்றிவிடும். தனித்தமிழ் என்பது சொல்லழகு குறித்த ஆசையென எள்ளுவோர், இதை எண்ணிப் பார்க்கவேண்டும். தெளிந்த தமிழ், செய்தியின் மெய்க்குக் காவல். கடலோர மக்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் வைத்துள்ள நூற்றுக்கணக்கான சொற்களை அறியாத செய்தியாளனால், அம்மக்கள் சொன்னதைச் சொன்னவாறு எழுத முடியாது. கருவியாலும் முடியாது.

தமிழியக்கத்தின் கடமை

குற்றம் அயலாரிடம் மட்டும் உள்ளதென்று சொல்லித் தமிழன்பர் தப்பிவிடலாகாது. 'உலகின் முதன்மொழி தமிழென்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் உறுதி செய்தது' என்பன போன்ற சான்றற்ற வரிகளைத் தமிழ்ப்பற்றால் பகிர்வோர் குறைந்தவர் அல்லர். பழம்பெருமைக்கு இது தொண்டாகாது, இழுக்கே ஆகும். கீழடி எவ்வாறு உலகை வென்றது? தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்திற் கிடைத்த கரிமப் பொருள், அமெரிக்க ஆய்வகத்தின் கணிப்பில் கி.மு. 580ஆம் ஆண்டினது எனக் காட்டப்பட்டது. ஆழம் இருந்தது, அளவு இருந்தது, ஆய்வகத்தின் கணிப்பு இருந்தது. அதனாற்றான் மறுப்போரும் அதை எதிர்கொண்டு விடை சொல்ல வேண்டியவராயினர். மெய்யே இத்துணைப் பெருமை தருகையில், பொய்யைத் துணைக்கழைப்பான் ஏன்?

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 91.75 விழுக்காட்டினர் எழுத்தறிந்து, தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் குமரி. எழுத்தறிவு மட்டும் போதாது. எழுத்தை ஆய்ந்தறியும் அறிவும் வேண்டும். அதற்குச் செய்யத்தக்கன சில உள.

ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள், செய்தி காணும் பயிற்சியை இளைஞர்க்கும் மகளிர்க்கும் அளிக்கவேண்டும். யார் கண்டது, எங்கே, எப்பொழுது, வேறு யார் கண்டது, எதிர்ப்பக்கத்தார் சொல்வது யாது என்னும் ஐந்து வினாக்களையும் கேளாமல் எதையும் எழுதுவதுமில்லை, பகிர்வதுமில்லை என்னும் ஒழுங்கு மன்ற உறுப்பினர்க்கு வேண்டும். பிழை நேர்ந்தால், அதை நீக்கிவிட்டு ஒளிந்துகொள்ளாமல், திருத்தத்தை அதே இடத்தில் வெளியிடவேண்டும். நாகர்கோயிலின் கல்லூரிகள், படத்தின் மூலத்தைக் கண்டறிதலையும் ஆவணம் படித்தலையும் தமிழிலேயே கற்பிக்கவேண்டும். இம்மண்ணின் பழைய இதழ்களும், பல்வேறு எழுத்துருக்களிற் சிதறிக்கிடக்கும் கணினிக்கால இதழ்களும் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டு, நாகர்கோயிலில் ஓர் இதழ்க் களஞ்சியத்தில் காக்கப்படவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, மெய் காணும் இதழுக்குத் தமிழர் காசு கொடுக்கவேண்டும். இலவயமாய் வரும் செய்திக்கு வேறொருவன் விலை கொடுத்திருப்பான். விலை கொடுத்தவனுக்கே அது உழைக்கும்.

கருவிகள் இன்னும் மாறும். இன்றைய திறன்பேசி நாளை அருங்காட்சியகத்துக்குப் போகும். இன்றைய செய்யறிவைவிட வல்லது நாளை வரும். வரட்டும், தமிழன் அதையும் கற்கட்டும், அதற்கும் தமிழிற் பெயர் சூட்டட்டும். ஆயின், எந்தக் கருவி வரினும், கடலுக்குச் சென்றவன் திரும்பாத வீட்டின் வாயிலில் நின்று, அவன் பெயரையும் தந்தை பெயரையும் படகின் பெயரையும் பிழையின்றிக் கேட்டெழுத ஓர் ஆள் வேண்டும். அவன் தமிழனாக வேண்டும், பயின்றவனாக வேண்டும், எவர்க்கும் விலைபோகாதவனாக வேண்டும்.

தன் மாண்டாரின் பெயரைத் தானே எழுதத் தெரிந்த இனத்தை எவனும் எண்ணிக்கையாற் குறைத்துவிட முடியாது. அவ்வெழுத்தைக் கற்க எழுக, தமிழிளைஞர்!